விளக்கீட்டு இரவில் வந்த வெள்ளை விட்டில்

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"விளக்கீட்டன்று வாசலில் ஏற்றிய தீபங்களைச் சுற்றி நிறையப் பூச்சிகள் வந்தன. வானம் மூடித் தூறிக்கொண்டிருந்த இரவு. விறாந்தை லைட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு விட்டில் இறக்கையை விரித்தபடி ஒட்டியிருந்தது. பெருவிரல் நகத்தளவுதான். வெள்ளை, அதில் மெல்லிய மண்ணிறக் கோடுகள், முன்னிறக்கையில் மிளகுத்தூள் போல இரண்டு கறுப்புப் புள்ளிகள். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் ஓர் அல்லி இலையின் அடியில் இன்னொரு இலைத்துண்டு ஒட்டியிருந்தது. எடுத்துப் பிரித்தால் உள்ளே ஒரு புழு. அந்த விட்டிலின் புழு இதுதான் என்று நினைக்கிறேன். இணையத்தில் தேடியபோது அரிய ஈரநில விட்டில் ஒன்றின் படத்தோடு ஒத்துப்போனது. அப்பாவோ, 'இது வயலுக்கு வருகிற பூச்சி, மருந்து அடிக்க வேணும்' என்கிறார். எங்கள் பயிருக்கு முப்பது நாள். இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். இதன் பெயர் என்ன? அரியதா? தண்ணீருக்குள் புழு எப்படி மூச்சு விடுகிறது? நான் என்ன செய்ய வேண்டும்?"

தங்கச்சி,

உங்கள் படங்கள் இரண்டையும் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் இருந்ததும் அல்லி இலையில் இருந்ததும் ஒரே பூச்சி இல்லை. இரவில் ஒன்றைக் கண்டீர்கள், காலையில் இன்னொன்றைக் கண்டீர்கள், மனம் இரண்டையும் சேர்த்து ஒரு கதையாக்கிவிட்டது. பூச்சி பார்க்கிற எல்லோருக்கும் இது நடக்கும். இரண்டும் நெருங்கிய சொந்தம்தான், அதனால்தான் குழப்பம். அப்பா சொன்னது பாதி சரி. நீங்கள் நினைத்ததும் பாதி சரியாக இருக்க இடமிருக்கிறது.

சுவரில் இருந்ததை முதலில் எடுப்போம். பால் வெள்ளை, அழுக்கு மஞ்சள் கலந்த மண்ணிற அலைக்கோடுகள், நடுவில் அந்த இரண்டு புள்ளிகள், ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் இறக்கை விரிப்பு. முப்பது நாள் பயிர், வயலில் நின்ற தண்ணீர், மழைக்கால இரவு. இத்தனையும் சேர்ந்தால் என் விரல் நெல் கூண்டுப்புழுவின் விட்டிலைத்தான் காட்டும். பாராபொய்ங்ஸ் ஸ்டாக்னாலிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1852இல் ஸெல்லர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் வைத்தது. ஸ்டாக்னாலிஸ் என்றால் தேங்கிய நீருக்கு உரியது என்று பொருள். பழைய விவசாயப் புத்தகங்களில் நிம்புலா டிபங்டாலிஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஆபிரிக்காவிலிருந்து ஆசியா முழுக்க நெல் விளைகிற இடமெல்லாம் உண்டு. ஆகவே இது அரியது அல்ல.

ஏமாற வேண்டாம். இந்தச் சாதாரணப் பூச்சியின் புழுவைக் கிட்ட இருந்து பார்த்தால் யாரும் சும்மா கடந்துபோக மாட்டார்கள். நாளை காலை வயலில் இறங்கி, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கத்து வரம்பின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். நெல் இலையின் நுனியை வெட்டிச் சுருட்டிய சின்னக் குழாய்கள் தண்ணீரில் மிதந்து ஒதுங்கியிருக்கும். பனங்கட்டிக் குட்டான் எப்படி ஓலையைச் சுற்றி முடைந்திருக்குமோ அப்படி, பட்டு நூலால் உள்ளே பூசப்பட்ட ஒரு குட்டிக் குழாய். பச்சையாக இருந்தால் புதிது, மஞ்சளாகியிருந்தால் புழு அதை விட்டுவிட்டு வேறொன்று செய்துகொள்ளப் போகிறது. ஒன்றை எடுத்து வெள்ளைப் பீங்கான் கோப்பையில் குளத்துத் தண்ணீர் ஊற்றி அதில் விடுங்கள். சற்று நேரத்தில் தலை வெளியே வரும். குழாயைப் பக்கவாட்டில் மெல்லப் பிளந்து, ஒரு பூதக்கண்ணாடியால் உடலைப் பாருங்கள். கண்ணாடி போன்ற வெளிர்பச்சை உடலின் இரு பக்கமும் வெள்ளை நூல்கள் கொத்துக் கொத்தாக நிற்கும், தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை. அவைதான் செவுள்கள். மீனுக்கு உள்ளது போலல்ல. இது மூச்சுக்குழல்களின் நீட்சி, தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை மெல்லிய தோலின் வழியே உள்ளே எடுக்கிறது.

தண்ணீருக்குள் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்டீர்களே, பதில் அந்த நூல்களில்தான் இருக்கிறது. இன்னும் ஒன்று பாருங்கள். புழு குழாய்க்குள் இருந்தபடியே உடலை அலை அலையாக ஆட்டும். பழைய தண்ணீர் ஒரு முனையால் வெளியேற, புதுத் தண்ணீர் மறு முனையால் வரும். வெயிலேறித் தண்ணீர் சூடானால் அசைவு வேகமாகும், ஏனென்றால் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரைந்திருக்கும். ஒரு முறை கந்தளாய்க் குளத்தின் கீழ்ப்புற வாய்க்காலில் எடுத்த புழுவை இப்படி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்து மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன்.

இனி அல்லி இலைக்கு வருவோம். உண்மையான கேள்வி அதில்தான் இருக்கிறது.

உங்கள் இரண்டாவது படத்தில் உள்ளங்கையில் இருப்பது குழாய் அல்ல. இரண்டு முட்டை வடிவ இலைத்துண்டுகளை விளிம்போடு விளிம்பு வைத்துத் தைத்த ஒரு பை. கீழும் மேலும் இலை, நடுவில் புழு. நெல் கூண்டுப்புழு இப்படிச் செய்யாது. அதே அசென்ட்ரோபினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த எலோபிலா என்ற பேரினத்தின் கைவேலை இது. எலோபிலா என்றாலே சதுப்பை விரும்புவது என்று கிரேக்கத்தில் பொருள். இந்தத் துணைக்குடும்பத்தில் உலகம் முழுக்க 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. புழுப் பருவத்தைத் தண்ணீரிலேயே கழிக்கிற விட்டில்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும்.

குளத்துக்குத் திரும்பிப் போய் அந்த அல்லி இலையைத் தேடுங்கள். விளிம்பில் அல்லது நடுவில் முட்டை வடிவில் வெட்டியெடுத்த ஓட்டைகள் இருக்கும், கத்தரிக்கோலால் வெட்டியது போலச் சீராக. நத்தை தின்றால் ஓரம் கந்தலாக இருக்கும். இலைவண்டு தின்றால் தோலைச் சுரண்டியது போல வரி வரியாக இருக்கும். இப்படிச் சீரான முட்டை வடிவ ஓட்டை இருந்தால் தையற்காரர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் பைப்புழு மூச்சு விடும் வழி வேறு. நூல் செவுள் இல்லை. ஐரோப்பாவில் இதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்றை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து வந்த புதிதில் அதன் தோல் நனையும், பை நிறையத் தண்ணீர் இருக்கும், தோல் வழியாகவே மூச்சு. வளர்ந்த பிறகு தோலின் மேல்பரப்பு மாறுகிறது, தாமரை இலையில் போலத் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிறது. அதன் பின் பைக்குள் காற்று நிறைந்திருக்கும். தண்ணீருக்குள் இருந்துகொண்டு, உலர்ந்த அறைக்குள் வாழ்கிறது. நீங்கள் பையைப் பிரித்தபோது புழு நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா? நினைவிருந்தால் எழுதுங்கள். அது எந்த வயதுப் புழு என்று அதிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இனத்தின் பெயரைப் புழுவின் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எலோபிலா விட்டில்கள் பொதுவாக வெள்ளை அல்ல. செம்மண் நிறமும் மஞ்சளும் கலந்து, அங்கங்கே வெள்ளைத் திட்டுகளோடு, ஈரமான சுவரில் பாசி பட்டது போல இருக்கும். சுவரில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். விளக்கீட்டன்று வெள்ளை விட்டில் உங்கள் கண்ணில் பட்டது, இது அடுத்த தூணிலேயே இருந்திருந்தாலும் பட்டிருக்காது. இணையத்துப் படத்தோடு ஒத்துப்போவதால் மட்டும் ஒரு விட்டிலுக்குப் பெயர் வைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நெருங்கிய இனங்களைப் பிரிக்க, வயிற்றின் நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்க வேண்டியிருக்கும். இறக்கைக் கோடு மட்டும் போதாது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் புழுவை வளர்த்து விட்டிலாக்குங்கள். இந்தப் புழுவிலிருந்து இந்த விட்டில் வந்தது, இந்தச் செடியைத் தின்றது என்று கண்ணால் கண்டு எழுதி வைத்த ஒருவரின் குறிப்பு, சுவரில் எடுத்த நூறு படங்களை விட எங்களுக்குப் பெறுமதி.

எப்படி வளர்ப்பது? வாய் அகன்ற ஒரு ஜாம் போத்தல் போதும். முக்கால் பங்குக்கு அதே குளத்துத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன். படித்து முடித்த புதிதில் இப்படி நான்கு புழுக்களை வளர்த்தேன். தண்ணீர் நாறத் தொடங்கியதும் அவசரத்தில் குழாயைத் திறந்து நிரப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் நான்கும் பையை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தன. குளோரின் என்று பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. கிணற்றுத் தண்ணீரும் கூடாது என்றில்லை, ஆனால் குளத்துத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எதற்கு?

அல்லி இலையை முழுதாகப் போட்டால் அழுகும். உள்ளங்கையளவு துண்டு ஒன்றைத் தண்டோடு வெட்டிப் போடுங்கள். தண்டு முக்கியம், ஏனென்று சொல்கிறேன். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் சில கூட்டுப்புழுவாகும் நேரத்தில் நீர்த்தாவரத்தின் தண்டில் பட்டுக் கூட்டை ஒட்டி, தண்டைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். அல்லித் தண்டை உடைத்துப் பார்த்திருப்பீர்கள், உள்ளே நீளக் குழல்கள் ஓடும். அந்தக் குழல்களில் உள்ள காற்று கூட்டுக்குள் வந்து நிறையும். தண்ணீருக்கு அடியில் வாய் மூடிக் கிடக்கிற கூட்டுப்புழுவுக்குச் செடியே மூச்சுக் குழாய். தண்டு இல்லாத போத்தலில் இதை நீங்கள் பார்க்க முடியாது.

போத்தலின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். நேர்வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் குளத்து நீர் ஊற்றுங்கள், தின்ற இலையை மாற்றுங்கள். தண்ணீர் கொண்டுவரும்போது தும்பிக் குஞ்சு, மீன் குஞ்சு, நீர்த்தேள் ஏதும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரே ஒரு தும்பிக் குஞ்சு போதும், ராத்திரியோடு வேலை முடிந்துவிடும். ஒன்றோ இரண்டோ புழுவுக்கு மேல் எடுக்க வேண்டாம்.

ஒரு குறிப்பேட்டில் திகதி போட்டு எழுதுங்கள். எந்தக் குளம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், அல்லியின் பூ வெள்ளையா, நீலமா, இளஞ்சிவப்பா, தண்ணீர் ஓடுகிறதா தேங்கியிருக்கிறதா. புழுவின் தலை நிறம். பை எத்தனை தடவை மாற்றியது. தின்பதை நிறுத்திய நாள். இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பிறகு பெரிதாகக் கைகொடுக்கும்.

விட்டில் வெளியே வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. உடனே பிடிக்கப் போகாதீர்கள், இறக்கை இறுகட்டும். மறுநாள் காலை குளிர்ச்சியில் அது அசையாமல் இருக்கும்போது படம் எடுங்கள். நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னிறக்கை தெரியும்படி ஒன்று. பின்னிறக்கையைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள், பல நேரம் அடையாளம் அங்கேதான் கிடக்கும். பக்கத்தில் ஒரு தீக்குச்சியோ அளவுகோலோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிறகு அன்று மாலையே குளத்தங்கரையில் விட்டுவிடுங்கள். வளர்ந்த விட்டிலுக்கு ஆயுள் சில நாட்கள்தான். அதற்குள் சோடி சேர்ந்து முட்டை இட வேண்டும், மிதக்கிற இலையின் அடிப்பக்கத்தில். இந்தக் குடும்பத்தில் சில இனங்களின் பெண் விட்டில் முட்டையிடுவதற்காகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போகும், உடம்பின் செதில்களில் காற்றுப் படலம் ஒன்றை வெள்ளிப் போர்வை போலப் போர்த்திக்கொண்டு.

அரியதா என்று கேட்டிருந்தீர்கள். அரியது என்பதும் யாரும் பார்க்காதது என்பதும் வெவ்வேறு. 2012இல் வெளியான இலங்கையின் செம்பட்டியலில், அதாவது எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியலில், 245 வண்ணத்துப்பூச்சி இனங்களை ஒவ்வொன்றாக மதிப்பிட்டார்கள். பகலில் பறப்பவை, அழகானவை, பார்க்க ஆள் இருந்தது. எண்ணிக்கையில் பல மடங்கு கூடிய விட்டில்களுக்கு அந்த அளவில் வேலை நடக்கவில்லை. திருகோணமலை என்ற பெயர் பூச்சியியலில் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே இருந்த யேர்பரி என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி சேகரித்த பூச்சிகளிலிருந்து பல இனங்கள் முதன்முதலாக விவரிக்கப்பட்டன. ஊர்ப்பெயர் எழுதிய சீட்டோடு அவரது சேகரிப்புகள் இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. தம்பலகாமத்து அல்லிக் குளத்தில் என்ன வாழ்கிறது என்று இப்போது எழுத வேண்டியவர்கள் அந்தக் கரையில் இருக்கிறவர்கள்தான். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிற இடம், உப்பாறு, தம்பலகாம விரிகுடா, கந்தளாயிலிருந்து இறங்குகிற வாய்க்கால்கள் என்று இவ்வளவு ஈரநிலம் உள்ள மாவட்டம் இது. உலக முக்கியத்துவம் உள்ளவை என்று சர்வதேச உடன்படிக்கையின் கீழ் பட்டியலிடப்பட்ட இலங்கையின் ஆறு ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றுகூட இந்த மாவட்டத்தில் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே இருக்கிறது.

சரி, அப்பாவின் வயல். நெல் கூண்டுப்புழு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை விட்டுவிடும், அதனால் இலையில் வெள்ளை ஏணிப்படி போலத் தெரியும். நுனி வெட்டுப்பட்டிருக்கும். இது ஒட்டுமொத்த வயலிலும் ஒரே சீராக வராது, தண்ணீர் ஆழமாக நிற்கிற மூலைகளிலும் காற்று தள்ளுகிற ஓரங்களிலும்தான் திட்டுத்திட்டாக வரும். இளம் பயிரைத்தான் தாக்கும். மட்டம் வெடித்து, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் முளைத்து, பயிர் தழைத்துவிட்டால் அநேகமாகத் தானே தேறிவிடும். அதனால் மருந்துப் போத்தலை எடுக்க முதல் வக்கடையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீரை வடித்து வைத்தால் போதும். நான் மேலே சொன்ன அந்தச் செவுள் நூல்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் அவற்றால் பயனில்லை, புழு பிழைக்காது. வடிகிற தண்ணீரோடு மிதந்து போகிற குழாய்களை வாய்க்கால் முனையில் ஒரு வலையோ கூடையோ வைத்துத் தடுத்து அள்ளிவிட்டால், அடுத்த வயலுக்கும் போகாது. மழை விடாமல் பெய்து வடிக்க வழியில்லை என்றால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை வயலுக்கே கூட்டிவந்து காட்டுங்கள். கண்ணால் பாராமல் மருந்துக் கடையில் சொல்லுகிறதை வாங்கி அடிக்க வேண்டாம். வயலில் அடித்தது வாய்க்கால் வழியாகக் குளத்துக்கும் வரும். அல்லி இலைப் புழு நெல்லைத் தொடாது, அதைச் சாகடிக்க எந்தக் காரணமும் இல்லை. அப்பாவிடம் அந்த இரண்டு கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், குழாயும் பையும். வயல்காரருக்கு நான் எழுதி விளக்குவதை விட அது விளங்கும்.

இன்னும் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து யாராவது, மாதிரி ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள், பணம் தருகிறோம் என்று எழுதினால் அனுப்பிவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் உயிரினங்களை நாட்டை விட்டு அனுப்புவது குற்றம், செத்த பூச்சியானாலும். சரணாலயங்களுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கவும் கூடாது. உங்கள் ஊர்க் குளத்தில் ஒரு புழுவைப் போத்தலில் வளர்த்துத் திருப்பி விடுவதோடு நில்லுங்கள். மாதிரி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டிய கட்டம் வந்தால், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. குறிப்பேட்டையும் படங்களையும் அங்கே கொண்டுபோய்க் காட்டலாம், அனுமதி பெறும் வழியையும் கேட்கலாம்.

இரவில் மேலும் பார்க்க ஆசையிருந்தால், அடுத்த அமாவாசையை ஒட்டி ஒரு வெள்ளைச் சீலையைக் குளத்துப் பக்கச் சுவரில் கட்டி அதன் முன்னால் ஒரு வெள்ளை லைட்டைப் போடுங்கள். மஞ்சள் லைட்டுக்குக் குறைவாகத்தான் வரும். விளக்கீடு முழுநிலவு நாள், நிலவு எறித்திருந்தால் இவ்வளவு பூச்சி வந்திராது. மேகம் மூடியதால்தான் உங்கள் வாசலுக்கு வந்தன. இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டு லைட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் விடிய விடியச் சுற்றிக் களைத்து, காலையில் பல்லிக்கும் காகத்துக்கும் இரையாகிவிடும். சீலையில் செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுப் போட்ட, நகத்தளவு விட்டில் ஒன்று வந்து உட்கார்கிறதா என்று பாருங்கள்.

புழு தின்பதை நிறுத்திய அன்றே எனக்கு எழுதுங்கள், தங்கச்சி. விட்டில் வரும்வரை பொறுக்க வேண்டாம்.